90 நாள் வரை அவர் உங்கள் நோயாளிதான்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி டீன்களுக்கும், அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும், தனியார் மருத்துவமனைகளை நடத்தும் இயக்குநர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்



படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியின் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அது பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைத்து, நின்ற இடத்தில் ஆளைச் சாய்ப்பதை நம் வார்டுகளில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். காலை ரவுண்ட்ஸில் சிரித்துப் பேசியவராக இருப்பார். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று அவரிடம் சொல்லியும் இருப்போம். பாத்ரூமுக்கு எழுந்தவர் கதவருகிலேயே விழுந்துவிடுவார்.

இதை மருத்துவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. எந்த நோயாளிக்குக் கட்டி வரும், எதைக் கொடுத்தால் தடுக்கலாம் என்பது ஹவுஸ் சர்ஜனுக்குக்கூடத் தெரியும். தெரிந்த அந்த விஷயம் ஒவ்வொரு பெட்டுக்கும், ஒவ்வொரு நாளும், ராத்திரி ஷிஃப்டிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தவறாமல் நடக்க ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்யும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

அறிவுக்கும் ஏற்பாட்டுக்கும் நடுவே எத்தனை வருஷம் வீணாகலாம் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் இருந்த இந்திய வம்சாவளி அறுவை மருத்துவர் விஜய் கக்கர் முன்னின்று நடத்திய பன்னாட்டு ஆய்வு 1975-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. பெரிய அறுவைக்கு வந்த, 40 வயது தாண்டிய 4,121 பேர் அதில் இருந்தார்கள். ஒரு சாராருக்கு அறுவைக்கு 2 மணி நேரம் முன்பு 5,000 யூனிட் ஹெப்பாரின் தோலுக்கடியில் போட்டார்கள். பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருதரம் என்று ஒரு வாரம் தொடர்ந்தார்கள். மறுசாராருக்கு அது இல்லை. பிரேதப் பரிசோதனையில் நுரையீரல் அடைப்பால் இறந்ததாக உறுதியானவர்கள், ஊசி பெறாதவர்களில் 16 பேர். பெற்றவர்களில் 2 பேர். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? ஆனாலும் 30 வருஷம் கழித்து, 2005-இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு தன் அறிக்கையில் ஆண்டுக்கு 25,000 பேர் மருத்துவமனையில் உண்டாகும் ரத்தக்கட்டியால் இறக்கிறார்கள் என்ற மதிப்பீட்டை முன்வைத்தது. வழி கண்டுபிடித்த ஊரின் கதை இது. மருந்தும் இருந்தது, மருத்துவர்களும் இருந்தார்கள், யாரும் கணக்குக் கேட்கவில்லை.

2010-இல் கேட்டார்கள். மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு வயதுவந்த நோயாளிக்கும் 'கட்டி வரும் ஆபத்து உண்டா, ரத்தம் கசியும் ஆபத்து உண்டா' என்று பார்த்து எழுதினீர்களா எனும் கணக்கை அனுப்புவது கட்டாயமானது. 90 சதவீதத்தைத் தொட்டால்தான் ஒப்பந்தத் தொகையின் ஒரு பகுதி கைக்கு வரும் என்றும் வைத்தார்கள். தொடங்கியபோது ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் மதிப்பீடு நடந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அது 90-ஐத் தாண்டியது. 90-ஐ எட்டிய மருத்துவமனைகளில் கட்டியால் நேரும் இறப்பு குறைந்ததை 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. கக்கர் பணிசெய்த அதே கிங்ஸ் மருத்துவமனையில், வந்த கட்டிகளில் 'தடுப்பு சரியாகக் கொடுக்காததால் வந்தவை' எத்தனை என்று பார்த்தார்கள். அந்தப் பங்கு 37.5 சதவீதத்திலிருந்து 22.4-க்கு இறங்கியது. இத்தனைக்கும் புதிதாக எந்த மருந்தும் கண்டுபிடிக்கப்படவில்லை. 1975-இல் தெரிந்ததை 2010-இல் நிர்வாகம் கையில் எடுத்தது, அவ்வளவே.

நம் கதைக்கு வருகிறேன்.

"இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய், நம் ஊர் ஆட்களுக்கு அதிகம் வராது" என்ற பேச்சு என் மாணவப் பருவத்திலிருந்து வார்டுகளில் உலவுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1996 முதல் 2005 வரையிலான பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, 10,000 உள்நோயாளிகளுக்கு ஏறக்குறைய 17 பேருக்குக் காலின் ஆழ்சிரையில் கட்டி உறுதியாகியிருந்தது. அதிலும் பெரும்பாலோர் கத்தி படாதவர்கள். அறுவை செய்தவர்களும் இல்லை, அடிபட்டவர்களும் இல்லை. மருத்துவ வார்டில் மூச்சிரைப்போடும் காய்ச்சலோடும் பக்கவாதத்தோடும் புற்றுநோயோடும் கிடப்பவர்களுக்கும் இது வரும். இதுவும் ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் கணக்கு மட்டும்தான். தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது.

அடுத்து, 2006 ஆகஸ்ட் முதல் 2007 ஜனவரி வரை 32 நாடுகளில் 358 மருத்துவமனைகளில் 68,183 நோயாளிகளைப் பார்த்த 'எண்டார்ஸ்' ஆய்வு. ஆபத்தில் இருந்தவர்களில், அறுவைப் பிரிவில் 58.5 சதவீதத்தினருக்கும் மருத்துவப் பிரிவில் 39.5 சதவீதத்தினருக்கும் உரிய தடுப்பு கிடைத்திருந்தது. இது உலகக் கணக்கு. அதே ஆய்வில் இந்தியாவின் 10 மருத்துவமனைகளில் 2,058 பேரைப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆபத்தில் இருந்தார்கள். உரிய தடுப்பு கிடைத்தவர்கள் அறுவைப் பிரிவில் 16.3 சதவீதம், மருத்துவப் பிரிவில் 19.1 சதவீதம். ஆபத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேரை நாம் விதியிடம் விட்டிருக்கிறோம்.

பழைய கணக்கு, இப்போது நிலைமை மாறிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் மருத்துவமனையில் மாறியிருந்தால் மகிழ்ச்சி. ஆனால் எத்தனை சதவீதம் என்று கேட்டால் சொல்ல உங்கள் மேஜையில் ஓர் எண் இருக்க வேண்டும். நான் நின்று பார்த்த வார்டுகளில் அந்த எண் யாரிடமும் இருந்ததில்லை.

இந்த நோய் நிர்வாகத்தின் கண்ணுக்குத் தப்புவதற்கு அதன் இயல்பும் ஒரு காரணம். ருடால்ஃப் விர்ச்சோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே நுரையீரலில் காணும் கட்டி காலில் பிறந்து வருவது என்று காட்டினார். ஓட்டம் தேங்குதல், குழாயின் உட்சுவர் புண்படுதல், ரத்தமே உறையத் துடித்தல் என இன்று பாடத்தில் அவர் பெயரால் சொல்லும் மூன்றும் ஒரே நோயாளியிடம் ஒரே வாரத்தில் கூடுவது மருத்துவமனைப் படுக்கையில்தான். ஆனால் கட்டி வளர்ந்து பிய்த்துக்கொண்டு போகும் நேரத்தில் அவர் அங்கே இருப்பதில்லை. இடுப்பெலும்பு முறிவுக்குச் சென்னையில் அறுவை செய்துகொண்ட பெரியவர் ஐந்தாம் நாள் செங்கத்துக்குப் போய்விடுகிறார். மூன்றாம் வாரம் மூச்சு முட்டுகிறது. 108 வருவதற்குள் முடிந்துவிடுகிறது. 'வயசான ஆளு, மாரடைப்பு' என்று ஊர் சொல்கிறது. அந்த உடலை யாரும் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்போவதில்லை. அனுப்பச் சொல்வதும் நியாயமில்லை. அறுவை செய்த மருத்துவமனையின் பதிவேட்டில் அவர் 'நலமுடன் வீடு திரும்பியவர்'. அந்த மாதத்தின் இறப்பு விகிதம் அழகாகவே இருக்கும்.

அதனால்தான் உலகம் முழுக்க இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். மருத்துவமனையில் இருக்கும்போதோ, வீடு திரும்பிய 90 நாளுக்குள்ளோ வரும் கட்டி, மருத்துவமனையோடு தொடர்புடைய கட்டி. எல்லா ரத்தக்கட்டி நோயாளிகளிலும் 60 சதவீதம் வரை இந்த வகையில் அடங்குகிறார்கள். அந்த 90 நாளை நீங்கள் உங்களுடையதாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இந்த மடலில் நான் கேட்கும் பெரிய விஷயம். மற்றவை எல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

எங்கே தொடங்குவது? கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில். அறுவை நோயாளிக்கு 'கேப்ரினி', மருத்துவ நோயாளிக்கு 'படுவா' என்று மதிப்பெண் முறைகள் இருக்கின்றன. வயது, எடை, புற்றுநோய், முன்பு கட்டி வந்ததா, நடமாட்டம் எப்படி என்று கேட்டுப் புள்ளி போட வேண்டியதுதான். பழகிவிட்டால் இரண்டு நிமிஷ வேலை. இதைத் தனித் தாளாக அடித்து, ஃபைலின் கடைசியில் கோத்து, தர ஆய்வுக்காரர்கள் வரும் வாரத்தில் ஒரே கையெழுத்தில் நிரப்பும் வழக்கமும் நமக்குத் தெரியும். அந்தத் தாளால் ஒருவரும் பிழைக்கப்போவதில்லை. மதிப்பெண்ணும், கூடவே 'ஆகையால் இன்ன மருந்து, இன்ன டோஸ்' அல்லது 'ரத்தக்கசிவு ஆபத்து, மருந்து வேண்டாம், கருவி போதும்' என்ற முடிவும் சேர்க்கும் உத்தரவின் உள்ளேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் நோயாளி வார்டுக்கு ஏறக்கூடாது. மூன்று இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும்: சேர்ந்து 24 மணி நேரத்தில், அறுவை முடிந்ததும், வார்டு மாற்றும்போது. ஐசியூவிலிருந்து பொது வார்டுக்கு வரும்போது கைதவறிப் போகும் மருந்துகளில் ஹெப்பாரினும் ஒன்று.

கம்ப்யூட்டர் இருந்தால்தானே என்று சிலர் கேட்பீர்கள். பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் 2,506 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2005-இல் வந்தது. ஆபத்தில் இருக்கும் நோயாளிக்குத் தடுப்பு எழுதப்படவில்லை என்றால் கம்ப்யூட்டர் மருத்துவருக்கு ஒரு நினைவூட்டல் காட்டும். ஏற்பதும் தள்ளுவதும் அவர் விருப்பம். அந்த ஒரு நினைவூட்டலால் 90 நாளில் கட்டி வந்தவர்கள் 8.2 சதவீதத்திலிருந்து 4.9 ஆகக் குறைந்தார்கள். இதில் வேலை செய்தது நினைவூட்டல். அதை ஒரு ரப்பர் ஸ்டாம்பாலும் செய்யலாம். கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ஒரு முத்திரை, அதற்குக் கீழே ஒரு கையெழுத்துக்கு இடம். வார்டு சிஸ்டர் அந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தால் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்க உரிமை வேண்டும். கேட்டதற்காக அவரிடம் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அந்த உரிமையை எழுத்தில் கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

எழுதிவிட்டால் ஆயிற்றா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் எழுதப்பட்ட தடுப்பு ஊசிகளில் ஏறக்குறைய 12 சதவீதம் நோயாளிக்குப் போய்ச் சேரவே இல்லை என்று கண்டார்கள். பதிவான காரணங்களில் முதலிடம், நோயாளி வேண்டாம் என்றது. அங்கேயே அப்படி என்றால் இங்கே எத்தனை காரணங்கள்! வார்டில் ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிவரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தோம், அவர்கள் இன்னும் வரவில்லை. ஊசி நேரத்தில் நோயாளி ஸ்கேனுக்குப் போயிருந்தார். வயிற்றிலா ஊசி போடப்போகிறீர்கள் என்று அம்மா பயந்துவிட்டார். ராத்திரி ஒரு சிஸ்டருக்கு எத்தனை நோயாளிகள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிறகு ஒன்று செய்தார்கள்: ஒரு டோஸ் தவறினால் உடனே ஒருவர் போய் அந்த நோயாளியிடம் உட்கார்ந்து, இந்த ஊசி எதற்கு என்று விளக்கினார். தவறும் டோஸ்கள் குறைந்தன. நம் வார்டில் இதைச் செய்ய நோயாளியின் பக்கத்திலேயே ஒருவர் எப்போதும் இருக்கிறார். அட்டெண்டர் என்று நாம் அழைக்கும் மகளோ, மருமகளோ, தம்பியோ. 'அப்பாவுக்கு தினமும் வயிற்றில் ஒரு ஊசி உண்டு, காலில் ரத்தம் கட்டாமல் இருக்க. போடவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்' என்று சேர்த்த அன்றே அவரிடம் சொல்லிவிட்டால், அந்த மருந்துக்கு ஒரு காவல் கிடைத்துவிடும்.

ஸ்டாக் விஷயத்தில் இன்னொரு வார்த்தை. ஹெப்பாரினும் எனாக்சபாரினும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது நம் மாநிலத்தில் இந்த ஊசி வார்டு வார்டாகப் போடப்பட்டது. டி-டைமர் எவ்வளவு என்று டீக்கடையில்கூடப் பேசிக்கொண்டார்கள். மூச்சுக்கூட விட நேரமில்லாத அந்த மாதங்களில் முடிந்தது, இன்றைக்கு முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். போன மூன்று மாதத்தில் எத்தனை நாள் இந்த ஊசி வார்டில் இல்லாமல் போனது என்று உங்கள் மருந்தகத்தைக் கேளுங்கள். அந்த விடையில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நடக்க வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவமனையின் அறுவைத் துறையில் மதிப்பெண் போட்டு மருந்து கொடுப்பதோடு, நோயாளியை எழுப்பி நடத்துவதையும் மருத்துவர் எழுதும் உத்தரவாகவே ஆக்கினார்கள். காலில் வரும் கட்டி 1.9 சதவீதத்திலிருந்து 0.3 ஆயிற்று, நுரையீரல் அடைப்பு 1.1-லிருந்து 0.5 ஆயிற்று. நம் வார்டில் நடப்பது நேர்மாறு. 'அசையாம படுங்க, தையல் பிரிஞ்சிரும்' என்று வீட்டார் சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான். பிரசவ வார்டில் இது இன்னும் கூடுதல். 'பச்சை உடம்பு' என்று படுக்கையை விட்டு இறங்க விடமாட்டார்கள். தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று தாகத்துக்குக்கூட அளந்து கொடுப்பார்கள். அறுவைப் பிரசவம், அசைவில்லாத உடம்பு, தண்ணீர் வற்றிய ரத்தம். கட்டி உண்டாவதற்கு இதைவிட வசதியான நிலை இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கும். ஆகவே பிரசவ வார்டில் பாட்டிமாரை விரட்டாமல் உட்கார வைத்துப் பேச ஒரு ஆள் தேவை. அவர்கள் சொன்னால் அந்தப் பெண் எழுந்து நடப்பாள், தண்ணீரும் குடிப்பாள். எந்தச் சுவரொட்டியாலும் அது ஆகாது.

இறுக்கமான நீளக் காலுறைகள் பற்றியும் கேட்பீர்கள், பல மருத்துவமனைகள் அவற்றை வாங்கிக் குவிப்பதால். பக்கவாத நோயாளிகளிடம் அவை பலன் தரவில்லை, தோலையும் புண்ணாக்கின என்று 2009-இல் 'கிளாட்ஸ்' ஆய்வு காட்டிவிட்டது. அதே குழு 2013-இல், காற்றை ஏற்றி இறக்கிக் காலை விட்டுவிட்டு அழுத்தும் கருவி பக்கவாதக்காரர்களிடம் கட்டியை 12.1 சதவீதத்திலிருந்து 8.5-க்குக் குறைத்ததைக் காட்டியது. காலுறைப் பணத்தில் அந்தக் கருவி வாங்கலாம்.

எல்லோருக்கும் ஹெப்பாரின் குத்துங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டெங்குவில் தட்டணுக்கள் இறங்கிக் கிடப்பவருக்கும், கண்ணாடி விரியன் கடித்து ரத்தம் உறையாமல் ஓடுபவருக்கும் அது விஷம். சிறுநீரகம் பழுதானவருக்கு எனாக்சபாரின் அளவு குறைய வேண்டும், அல்லது பழைய ஹெப்பாரினுக்கே போக வேண்டும். முதுகில் ஊசி போட்டு மயக்கம் கொடுப்பதற்கு 12 மணி நேரம் முன்னதாகவே எனாக்சபாரின் தடுப்பு டோஸ் முடிந்திருக்க வேண்டும். ஹெப்பாரினே சிலருக்குத் தட்டணுக்களை வீழ்த்தும் என்பதால் ஐந்தாம் நாளிலிருந்து அதையும் பார்க்க வேண்டும். மதிப்பீட்டுத் தாளில் ரத்தக்கசிவுக்கும் சரிபாதி இடம் இருப்பது இதற்காகத்தான்.

தடுத்தும் வந்துவிட்டால்? சந்தேகப்படும் பழக்கம் முதலில் வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் வலித்தால், காரணமில்லாமல் மூச்சு வாங்கினால், நாடி வேகமாக ஓடினால் யோசிக்க வேண்டும். யோசித்தவுடனே எல்லோருக்கும் டி-டைமர் அனுப்புவது கோவிட் விட்டுச் சென்ற கெட்ட பழக்கம். அறுவை செய்தவருக்கும் பிள்ளை பெற்றவருக்கும் அது எப்படியும் உயர்ந்துதான் இருக்கும். முதலில் 'வெல்ஸ்' மதிப்பெண் போட்டு, வாய்ப்புக் குறைவு என்று வருகிறவருக்கே டி-டைமர். அதிகம் என்றால் நேரே ஸ்கேன். ஸ்கேன் உடனே கிடைக்கவில்லை என்றால், ரத்தக்கசிவு ஆபத்து இல்லாதவருக்கு முதல் டோஸ் மருந்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிரிட்டனின் 'நைஸ்' வழிகாட்டியில் காலுக்கான டாப்ளர் 4 மணி நேரத்துக்குள். முடியாவிட்டால் மருந்தைத் தொடங்கிவிட்டு 24 மணி நேரத்துக்குள். நம் ஊரில் சனிக்கிழமை மதியம் வீங்கிய கால் திங்கட்கிழமை டாப்ளருக்குக் காத்திருக்கிறது, மருந்தும் கூடவே காத்திருக்கிறது. ராத்திரி டியூட்டியில் இருக்கும் பிஜி மாணவர்களுக்குத் தொடையிலும் முழங்கால் மடிப்பிலும் சிரையை அழுத்திப் பார்க்கும் எளிய அல்ட்ராசவுண்ட் சோதனையைப் பழக்கிவிட்டால் இந்தக் காத்திருப்பு பெருமளவு போகும்.

நுரையீரல் அடைத்து ரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நோயாளிக்கு நிமிஷங்கள்தான் கணக்கு. கட்டியைக் கரைக்கும் மருந்து, மாரடைப்புக்காக உங்கள் ஐசியூவில் ஏற்கெனவே இருக்கிறது. யார் முடிவெடுப்பது என்பதில்தான் நேரம் போகிறது. மருத்துவப் பேராசிரியரா, இதய மருத்துவரா, மயக்க மருத்துவரா? பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 2012-இல் இதற்கென்றே ஒரு அவசரக் குழு அமைத்தார்கள்; ஒரு போனில் எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுப்பார்கள். இன்று நம் எல்லோரிடமும் போன் இருக்கிறது. ஒரு போன் எண், ஒரு முறைப்பட்டியல், ஒரு உத்தரவு. அதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்தது, கட்டி வந்து தேறி வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் சம்மரி. ஆங்கிலத்தில் நான்கு பக்கம் இருக்கும் அந்தத் தாளில், 'ரிவராக்சபான்' என்று ஒரு வரி. 15 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை 21 நாள், 22-ஆம் நாளிலிருந்து 20 மில்லிகிராம் ஒரு வேளை, இரண்டும் சாப்பாட்டோடு, குறைந்தது மூன்று மாதம். இதைத் தேதி போட்டுத் தமிழில் எழுதிக் கொடுக்காவிட்டால், நோயாளி 21-ஆம் நாளோடு நிறுத்திவிடுவார், அல்லது அதே அளவைத் தொடர்ந்து ரத்தம் கசிய வருவார். அசினோகூமரால், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களிடம் 'கீரையே தொடாதீர்கள்' என்று சொல்லி அனுப்புவதும் சரியில்லை. கீரை இல்லாமல் நம் வீட்டுச் சோறு இல்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே போதும். கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது வேறொன்று: மெடிக்கல் ஷாப்பில் மூட்டுவலிக்கு வாங்கும் மாத்திரையும், என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத நாட்டு மருந்துப் பொடியும் இந்த மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். இடுப்பு மாற்று அறுவை செய்தவருக்கும், வயிற்றுப் புற்றுநோய் அறுவை செய்தவருக்கும் தடுப்பு மருந்து நான்கு வாரம் வரை வீட்டிலும் தொடர வேண்டும் என்பது பல சம்மரிகளில் இருப்பதே இல்லை.

வீட்டுக்குப் போனவரை எப்படிப் பின்தொடர்வது என்று மலைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு இருக்கும் வசதி பல மாநிலங்களுக்கு இல்லை. கிராம சுகாதாரச் செவிலியர் பிள்ளை பெற்றவளின் வீட்டுக்கு எப்படியும் போகிறார். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். 'காலில் வீக்கம் இருக்கா, ஒரு பக்கம் மட்டுமா, மூச்சு வாங்குதா' என்ற மூன்று கேள்விகளை அவர்கள் நோட்டில் சேர்க்கச் சொல்லிச் சுகாதாரத் துறையிடம் நீங்கள் கேட்கலாம். தனியார் மருத்துவமனைகள் பில் பாக்கிக்குப் போன் செய்யும் அதே மேஜையிலிருந்து 30-ஆம் நாளும் 90-ஆம் நாளும் ஒரு போன் செய்யலாம்.

அப்படிக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு கட்டியையும் என்ன செய்வது என்பதற்கும் நம்மிடம் முன்மாதிரி இருக்கிறது. தாய் ஒருத்தி இறந்தால் ஏன், எங்கே தாமதம், யார் என்ன செய்திருக்கலாம் என்று உட்கார்ந்து ஆராயும் முறையைத் தமிழ்நாடு பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. தாய் இறப்பு குறைந்ததில் அந்தத் தணிக்கைக்கும் பங்கு உண்டு. அதேபோல 90 நாளுக்குள் வந்த கட்டி ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி போதும்: மதிப்பீடு நடந்ததா, மருந்து எழுதப்பட்டதா, எழுதியது போடப்பட்டதா, வீட்டுக்குப் போகும்போது சொல்லப்பட்டதா. இங்கிலாந்திலும் ஒப்பந்தத்தின் நிபந்தனையாக இதைத்தான் வைத்தார்கள். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: அந்தக் கூட்டத்தில் மெமோ கொடுக்காதீர்கள். ஒரு சிஸ்டருக்கு மெமோ போனால், அடுத்த மாதத்திலிருந்து கட்டிகள் எல்லாம் பதிவேட்டிலிருந்து காணாமல் போய்விடும். வார்டில் அவை அப்படியே இருக்கும்.

அக்டோபர் 13, விர்ச்சோ பிறந்த நாள். 2014 முதல் உலக ரத்தஉறைவு நாளாக அதைக் கடைப்பிடிக்கிறார்கள். பல மருத்துவமனைகளில் அன்று பேனர் கட்டி, ஊர்வலம் போய், செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஆண்டு அதற்குப் பதிலாக, அன்று காலை எட்டு மணிக்கு ஒரு மருத்துவ வார்டையும் ஒரு அறுவை வார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் எல்லோருடைய கேஸ் ஷீட்டையும் நீங்களே புரட்டுங்கள். ஆபத்தில் இருப்பவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு நேற்றைய டோஸ் உண்மையிலேயே போடப்பட்டது என்று எண்ணுங்கள். அந்த இரண்டு எண்களையும் வார்டு வாசல் நோட்டீஸ் போர்டில் எழுதி, அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி எண்ணி, பக்கத்திலேயே எழுதுங்கள். முதல் எண் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அழிக்காதீர்கள்.

மிக்க மரியாதையுடன்,
உங்கள் வார்டுகளில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒரு பொதுமருத்துவர்